பகலெல்லாம் உழைத்தவர் படிக்கும் வகுப்பு

முதியோர் வகுப்பில் கவனம் சிதற முதல் காரணம் களைப்பு. கொல்லிமலை அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டி போன்ற ஊர்களில் பகலெல்லாம் காட்டு வேலை பார்த்தவர்கள் மாலையில்தான் சிலேட்டைத் தொட முடியும். அடுத்தது, தப்பாகச் சொன்னால் சிரிப்பார்களோ என்ற கூச்சம். மூன்றாவது, இந்தப் படிப்பு எதற்கு உதவும் என்ற ஐயம்.

ஐயம் தீர்ந்தால் கவனம் தானே வரும். பிரேசில் நாட்டின் அங்கிகோஸ் என்ற ஊரில் 1963-இல் கல்வியாளர் பாவ்லோ பிரெய்ரே சுமார் 300 உழைப்பாளிகளுக்கு, அவர்கள் அன்றாடம் புழங்கிய சொற்களைக் கொண்டே எழுத்துக் கற்பித்தார். செங்கல் போன்ற ஒரு சொல்லே எழுத்துப் பாடமாகவும், வீடும் கூலியும் பற்றிய உரையாடலாகவும் விரிந்தது.

புதுக்கோட்டையில் 1991-இல் பரவிய அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் பாட்டையும் வீதி நாடகத்தையும் துணைக்கு அழைத்தது. எழுத்தோடு சைக்கிள் ஓட்டவும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. கற்றது அன்றைக்கே கைகொடுத்ததால் ஆர்வம் குன்றவில்லை.

காளப்பநாயக்கன்பட்டி வகுப்புக்கும் இதுவே வழி. மரவள்ளிக் கிழங்கின் எடைச்சீட்டு, பஸ்ஸின் ஊர்ப்பலகை, நூறு நாள் வேலை அட்டை ஆகியவையே நல்ல பாடநூல்கள். சிறிது நேரம் விளக்கம், உடனே கையால் பயிற்சி, பிறகு கற்பவரே பேச வாய்ப்பு என்று வகுப்பு நகர வேண்டும். பிழையைத் தனியே திருத்த வேண்டும்; தேர்ச்சியை எல்லார் முன்பும் பாராட்ட வேண்டும்.

வயதுக்குரிய மரியாதை கிடைக்கும் வகுப்பில் கவனம் நிலைக்கும்.