ஐந்தாம் வகுப்பில் ஒரே ஒரு முறை

நம் காரைக்காலில் மத்திய அரசின் ஜவஹர் நவோதயா வித்யாலயா இருக்கிறது. ஆறாம் வகுப்பில் சேர நுழைவுத்தேர்வு உண்டு. தமிழிலேயே எழுதலாம். நான்கில் மூன்று பங்கு இடம் கிராமத்துப் பிள்ளைகளுக்குத்தான். தங்குமிடம், சாப்பாடு, சீருடை, புத்தகம் எல்லாம் இலவசம்.

ஆனால் இந்தத் தேர்வை ஒருமுறைதான் எழுத முடியும். ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது மட்டும். அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

தேர்வில் தேறி விடுதியில் சேர்ந்த பிள்ளை முதலில் வீட்டு நினைப்பில் அழும். பறித்து நட்ட நாற்று சில நாள் வாடித்தான் நிற்கும். வேர் பிடித்ததும் பச்சை கட்டிவிடும். பிள்ளையைப் பார்க்கப் போகும்போது மதிப்பெண்ணை விசாரிக்காதீர்கள். சாப்பிட்டாயா, யாரோடு விளையாடினாய் என்று கேளுங்கள்.

மறுபடியும் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்பு. ஒரே ஒரு முறை. உங்கள் தெருவில் அப்படியொரு பிள்ளை இருந்தால், அந்த வீட்டில் இன்றே சொல்லி வையுங்கள்.