கட்டைவிரல் சொன்ன செய்தி

ஆண்டு பலவாகப் பாடம் சொன்ன நான், சென்ற ஆண்டு நானே ஒரு பாடமாகக் கிடந்தேன். இரு கால்களும் தளர்ந்து மருத்துவமனையில் படுத்திருந்தபோது, நரம்பியல் பேராசிரியர் மாணவர் சிலருடன் என் கட்டிலருகே வந்தார்.

"ஊறு எங்கே?" என்று வினவினார். ஒரு மாணவர் எம்.ஆர்.ஐ. படத்தை எடுக்கக் கை நீட்டினார். "படம் பிறகு, முதலில் ஐயாவைக் கேளுங்கள், தொட்டுப் பாருங்கள்" என்றார் பேராசிரியர்.

நரம்பியல் என்றால் மாணவர் பலர் அஞ்சுவர். ஜோசஃபோவிச் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1994-இல் அவ்வச்சத்திற்குத் தனிப் பெயரே சூட்டினார். அம்மாணவரின் கையும் நடுங்கிற்று. என் உள்ளங்காலின் வெளியோரத்தைச் சாவியின் மழுங்கிய முனையால் வருடினார். கீழே வளைய வேண்டிய கட்டைவிரல் மேலே எழுந்தது! பாரிஸ் மருத்துவர் பாபின்ஸ்கி 1896-இல் எடுத்துரைத்த அடையாளம் அது. கைக்குழந்தைக்கு இஃது இயல்பு; வளர்ந்தவர்க்கோ, மூளையிலிருந்து தண்டுவடத்தின் வழியே இறங்கும் இயக்கப் பாதை பழுதுற்றதென்று பொருள்.

அடுத்து, குண்டூசியால் மெல்லக் குத்திக்கொண்டே வந்தார். தொப்புளுக்குக் கீழே உணர்ச்சி மங்கியிருந்தது. கைகளிலோ குறையில்லை. "தண்டுவடம் முதுகின் நடுப்பகுதியில் நசுங்கியிருக்கலாம்" என்றார். படமும் அதையே காட்டிற்று.

உரிய காலத்தில் அறுவை நடந்தது. இன்று கோலூன்றி நடக்கிறேன். ஆனால் ஒன்று என்னை உறுத்துகிறது. என் வகுப்பில் எத்தனை முறை, மாணவர் ஆராயுமுன்னே விடையைக் கரும்பலகையில் எழுதிவிட்டேன்!