கேள்வியைத் திருப்பிக் கேட்ட ஆய்வு



உளவியல், செவிலியம், வணிகவியல், காட்சித் தொடர்பியல் என்று ஆளுக்கொரு துறையில் பட்டம் வாங்குகிறீர்கள். உங்கள் அனைவருக்கும் பொருந்தும் என்று நினைத்து, இதே சென்னையில் நடந்துவரும் ஓர் ஆய்வுப் பணியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். அதற்குப் பிறகு வெகுகாலம், இதை யார் பரப்புகிறார்கள் என்பதே எல்லோருடைய கேள்வியாகவும் இருந்தது. பாலியல் தொழிலாளர்களும் திருநங்கைகளும் தன்பாலீர்ப்புள்ள ஆண்களும் ஆபத்தானவர்கள் பட்டியலில் ஏறினார்கள். மருத்துவர் வெங்கடேசன் சக்கரபாணி இந்தக் கேள்வியைத் திருப்பிப் போட்டார். இவர்களால் ஊருக்கு என்ன கேடு என்று கேட்பதை விட்டு, ஊரால் இவர்கள் உடம்புக்கும் மனதுக்கும் என்ன நேர்கிறது என்று கேட்டார். நோயாளியை மட்டும் சோதித்துவிட்டு அவரைச் சுற்றியிருப்பவர்களைச் சோதிக்காமல் விட்டால் நோயின் காரணத்தில் பாதி கைநழுவிப் போகும் என்பதே என் வாதம்.

டொராண்டோவைச் சேர்ந்த ஆய்வாளர் பீட்டர் நியூமன், இங்குள்ள முரளி சண்முகம் முதலியோருடன் சேர்ந்து சக்கரபாணி 2007இல் வெளியிட்ட கட்டுரை, சென்னையில் கோத்தி, அதாவது பெண்மைச் சாயலுடன் ஆண்களை நாடும் ஆண், என்று தம்மை அடையாளப்படுத்திக்கொள்வோரிடம் நேரில் பேசி எழுதப்பட்டது. காவல்துறை, அக்கம்பக்கம், குடும்பம், மருத்துவமனை என்ற நான்கு இடங்களிலும் வன்முறை. ஒருவர் அடி வாங்கும் இடமும் மருந்து வாங்க வேண்டிய இடமும் ஒன்றாகிவிட்டால், 'ஆணுறை பயன்படுத்துங்கள்' என்ற சுவரொட்டியால் என்ன பயன்? புறநோயாளிப் பிரிவை நினைத்துப் பாருங்கள். சீட்டில் உள்ள ஆண் பெயரை உரக்கக் கூப்பிடுகிறார்கள். சேலை கட்டிய ஒருவர் எழுந்து நிற்கிறார். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்க்கிறது. அடுத்த மாதம் அவர் மாத்திரை வாங்க வராமல் போனால், பதிவேட்டில் 'சிகிச்சையைக் கைவிட்டவர்' என்று எழுதிக்கொள்வோம்.

இது பெருநகரத்து விவகாரம், மேல்நாட்டுச் சரக்கு என்று சொல்பவர்கள் உண்டு. கார்மென் லோகி தலைமையில் நியூமன், சக்கரபாணி, சண்முகம் ஆகியோர் 2012இல் வெளியிட்ட ஆய்வில் ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்கள் 200 பேர் பங்கேற்றார்கள். 100 பேர் சென்னை, 100 பேர் கும்பகோணம். கோயிலும் குளமுமாக இருக்கிற கும்பகோணத்தை மேல்நாடு என்று யாரும் சொல்லப்போவதில்லை. இழிவுபடுத்தலும் மனச்சோர்வும் சேர்ந்தே வருவதை அந்த ஆய்வு காட்டியது.

சேர்ந்து வந்தால் ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று ஆகிவிடுமா? நியாயமான கேள்வி, ஒரே ஒருமுறை எடுக்கும் கணக்கெடுப்பு இதற்குப் பதில் சொல்லாது. ஆனால் அமெரிக்காவில் 2004, 2005 தேர்தல்களில் சில மாநிலங்கள் தன்பாலினத் திருமணத்துக்குத் தடை விதித்தன. தடைக்கு முன்னும் பின்னும் அதே மனிதர்களிடம் எடுத்த பேட்டிகளை மார்க் ஹாட்சன்பியூலர் குழு ஒப்பிட்டு 2010இல் வெளியிட்டது. தடை வந்த மாநிலங்களில் தன்பாலீர்ப்பினரிடையே மனச்சோர்வு வகை நோய்கள் ஏறத்தாழ 37 சதவீதம் கூடியிருந்தன. தடை வராத மாநிலங்களில் அப்படிக் கூடவில்லை. இதைவிடத் தெளிவான சான்று எளிதில் கிடைக்காது.

இந்த ஆய்வாளர்கள் அனுதாபிகள், நடுநிலை எங்கே என்றும் கேட்பார்கள். அனுதாபம் இருக்கலாம், முறை சரியாக இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். உளவியலாளர் ஈவ்லின் ஹூக்கர் 1957இல் இதை எப்போதைக்குமாகக் காட்டிவிட்டார். 30 தன்பாலீர்ப்புள்ள ஆண்கள், 30 மற்ற ஆண்கள். யார் எவர் என்று சொல்லாமல் சோதனைத் தாள்களை வல்லுநர்களிடம் நீட்டினார். அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

கோடம்பாக்கத்தில் நின்று பேசிவிட்டுச் சினிமாவைத் தொடாமல் போக முடியாது. பல பத்தாண்டுகளாக நம் நகைச்சுவைக் காட்சிகள் நடையையும் குரலையும் கேலி செய்தே கைதட்டல் வாங்கின. 2015இல் 'ஐ' படத்துக்குத் திருநங்கைகள் எதிர்ப்புத் தெரிவித்தபோது, சிரிப்பைச் சிரிப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டவர்கள் பலர். திரையில் சிரித்த சிரிப்புத்தான் பேருந்து நிறுத்தத்தில் விசிலாகிறது. அதுதான் ஆய்வாளரின் வினாத்தாளில் 'எத்தனை முறை கேலி செய்யப்பட்டீர்கள்' என்ற வரியாகிறது. காட்சித் தொடர்பியல் மாணவர்கள் அந்த வரியை ஒருமுறை படித்துவிட்டு வசனம் எழுத உட்காருங்கள்.

உளவியல் படித்தவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், தாமே ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கற்றுக்கொண்ட பிறகு, தன்பாலீர்ப்பைக் 'குணப்படுத்தும்' முயற்சிகளைத் தடை செய்தார். 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. ஆனாலும் மகனையோ மகளையோ அழைத்துக்கொண்டு, 'எப்படியாவது மாத்திவிடுங்க' என்று ஒரு தாயும் தகப்பனும் உங்கள் அறைக்கு வரத்தான் போகிறார்கள். முடியாது என்று சொல்லுங்கள். சொன்ன கையோடு அவர்களை அனுப்பிவிடாதீர்கள். துணையாக நிற்க ஆட்கள் இருந்தவர்களிடம் மனச்சோர்வு குறைவு என்று அந்தச் சென்னை, கும்பகோணம் ஆய்வே சொல்கிறது. பெற்றோரை உட்காரவைத்துப் பேசுங்கள். அந்தப் பிள்ளைக்கான சிகிச்சை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.