காயில் ஷாக் வாங்கட்டுமா, வண்டியை வித்துடட்டுமா?

இந்த வாரம் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில். கேட்டவர் என்னை மாதிரியே இங்க ஸ்டுட்கார்ட்ல வேலை பார்க்கிற நம்ம ஊர்க்காரர். நாற்பது வயசைத் தாண்டினவர், எடை 92 கிலோ, இடுப்பு டிஸ்க்ல ஏற்கெனவே தொந்தரவு. போன வருஷம் ஃபுல் சஸ்பென்ஷன் எலக்ட்ரிக் மவுண்டன் பைக் ஒண்ணு வாங்கியிருக்கார். அவர் அனுப்பின வாய்ஸ் மெசேஜ் சுருக்கமா இதுதான்: "ரெண்டு மணி நேரம் ஓட்டினா மறுநாள் நிமிர முடியல. சின்னக் குதி குதிச்சாலே பின்னாடி டங்குனு அடிக்குது. எழுநூறு யூரோ போட்டு காயில் ஷாக் மாத்தட்டுமா, இல்ல வண்டியையே வித்துடட்டுமா?"

டிஸ்க் பத்தி டாக்டர்தான் சொல்லணும், நான் சொல்லக்கூடாது. ஷாக் பத்தி மட்டும் பேசுறேன்.

முதல்ல அவர்கிட்ட ஒரே ஒரு அளவு கேட்டேன். ஷாக் தண்டுல ஒரு ரப்பர் வளையம் இருக்கும். ஹெல்மெட், பை எல்லாம் மாட்டிக்கிட்டு, ஓட்டுற நிலையில வண்டி மேல ஏறி நின்னு, மெதுவா இறங்கி, அந்த வளையம் எவ்வளவு நகர்ந்திருக்குன்னு அளக்கணும். இதைத்தான் ஸேக்னு சொல்றோம், அதாவது நம்ம எடைக்கே ஷாக் எவ்வளவு அமுங்குதுங்கிற கணக்கு. அவர் ஷாக்கோட மொத்த ஸ்ட்ரோக் 55 மில்லிமீட்டர். நகர்ந்தது 10. கிட்டத்தட்ட 18 சதவீதம். இந்த மாதிரி வண்டிக்கு 28லிருந்து 30 சதவீதம் இருக்கணும்.

என்ன நடந்திருக்குன்னு இதுலயே தெரிஞ்சுபோச்சு. டங்குனு அடிக்குதேன்னு அவர் ஒவ்வொரு வாரமும் காத்து ஏத்திக்கிட்டே போயிருக்கார். காத்து ஏற ஏற ஸ்ட்ரோக்கோட ஆரம்பம் கல்லு மாதிரி ஆகும். வேர், சின்னக் கல்லு எதையும் ஷாக் வாங்காது, எல்லாம் நேரா முதுகுக்குப் போகும். அழுத்தம் கூடினா திரும்பி எழும்புற வேகமும் கூடும். ரீபவுண்டை அதுக்கேத்த மாதிரி குறைக்காம விட்டா சீட்டு கீழேருந்து உதைக்கும். இவ்வளவுக்கு அப்புறமும் பெரிய குதியில டங்னு அடிக்கத்தான் செய்யுது, ஏன்னா கடைசிப் பகுதியில எதிர்ப்பு போதல. அதைச் சரி பண்ண வேண்டியது அழுத்தத்தால இல்ல, காத்து அறையோட கொள்ளளவால. அதுக்குத்தான் வால்யூம் ஸ்பேஸர்னு சின்ன பிளாஸ்டிக் துண்டு இருக்கு. அதை உள்ள போட்டா அறை சின்னதாகும், ஆரம்பம் பெரிசா மாறாம கடைசி மட்டும் இறுகும். விலை ஷாக் விலையில ஒரு சின்னப் பங்குதான்.

சரி, காயில் கதைக்கு வருவோம். இதை ஒரு கணக்கா போட்டுப் பார்த்தேன், நமக்கு அதுதானே வியாதி. [சிரிப்பு] பின் சக்கரம் 150 மில்லிமீட்டர் நகரும், ஷாக் 55 நகரும். வகுத்தா 2.73. சக்கரத்துல ஒரு கிலோ விழுந்தா ஷாக்ல சராசரியா 2.73 கிலோ விழும். அவர் 92, பை ஹெல்மெட் 5. வண்டி 24 கிலோவுல சக்கரம் மாதிரி ஸ்பிரிங்குக்குக் கீழ இருக்கிறதைக் கழிச்சா சுமார் 20. மொத்தம் 117. அதுல 60 சதவீதம் பின்னாடின்னு வெச்சா 70 கிலோ. 2.73ஆல பெருக்கி, 30 சதவீத ஸேக்கான 16.5 மில்லிமீட்டரால வகுத்து, ஸ்பிரிங்குக்காரங்க பேசுற பவுண்டு கணக்குக்கு மாத்தினா 650 வருது. மோட்டாரும் பேட்டரியும் இல்லாம ஒன்பது கிலோ குறைச்சுப் போட்டா 600. அதாவது மோட்டாரும் பேட்டரியும் மட்டுமே ஒரு ஸ்பிரிங் சைஸ் கூட்டிடுது. சாதா சைக்கிள் ஓட்டுற நண்பர் "நான் 550 போட்டிருக்கேன், நீயும் போடு"ன்னு சொன்னா கேக்காதீங்க. 650ங்கிறது பல ஷாக்குகளுக்குக் கிடைக்கிற ஸ்பிரிங் வரிசையோட கடைசிப் பக்கம். ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி அந்த சைஸ் உண்டான்னு பாருங்க.

காயில் நல்லதுதான், மறுக்கல. காத்து ஷாக்ல இறுக்கமான சீல்கள் உரசும். காயில்ல அந்த உரசல் குறைவு, அதனால சின்ன அதிர்வையும் வாங்கும். நீளமான இறக்கத்துல சூடேறினா காத்து அழுத்தம் மாறும், எஃகுச் சுருள் மாறாது. அரை கிலோ கூடுதல் எடையை 24 கிலோ வண்டியில யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க. காத்து ஷாக்கே சைக்கிளுக்காகப் பிறந்தது இல்ல. பாப் ஃபாக்ஸ் 1974ல மோட்டோகிராஸ் பைக்குக்காகக் கொண்டு வந்தது. எடை குறைவுங்கிறதுதான் அதைச் சைக்கிளுக்கு இழுத்துட்டு வந்த காரணம். இ-பைக்ல அந்தக் காரணம் கொஞ்சம் நமத்துப்போச்சு.

ஆனா சுருள் கடைசி வரைக்கும் ஒரே சீராத்தான் எதிர்க்கும். கடைசியில இறுகுற வேலையை ஃபிரேமோட லிங்கேஜ்தான் செய்யணும். இவர் வண்டியோட லிங்கேஜ் வரைபடத்தைப் பார்த்தா ஆரம்பத்துக்கும் முடிவுக்கும் எட்டு சதவீதம்தான் வித்தியாசம். பதினெட்டு, இருபது இருந்தா தைரியமா காயில் போடலாம். எட்டுல போட்டா இப்ப கேக்கிற அதே டங், எழுநூறு யூரோ செலவுல கேக்கும்.

பொருத்தம் பத்தியும் சொல்லிடணும், பழைய ஷாக் விக்கிற இடங்கள்ல நிறைய பேர் மாட்டிக்கிறது இங்கதான். கண்ணுக்குக் கண் நீளம், ஸ்ட்ரோக், மாட்டுற முறை மூணும் ஒத்துப்போகணும். ஸ்ட்ரோக் 5 மில்லிமீட்டர் கூடினா பின் சக்கரம் 13, 14 மில்லிமீட்டர் கூடுதலா ஏறும், டயர் சீட் டியூப்ல போய் இடிக்கலாம். ஃபிரேமுக்கும் ஷாக்குக்கும் நடுவுல நீளமான கவட்டை மாதிரி பாகம் இருக்கிற வண்டிகள்ல ஷாக் தண்டுக்குப் பக்கவாட்டு விசை விழும், அதுல காயில் போடலாமான்னு ஃபிரேம் கம்பெனிகிட்டயே கேளுங்க. அளவெல்லாம் சரியா இருந்தாலும் உள்ள இருக்கிற டாம்பிங் டியூன் வேற வண்டிக்காகப் பண்ணதா இருக்கலாம். நம்ம பாஷையில சொன்னா கம்பைல் ஆகும், ரன் ஆகும்போது வெடிக்கும்.

இன்னொண்ணு, சர்வீஸ். ராக்‌ஷாக்ஸ் காத்து அறை சர்வீஸுக்கு 50 மணி நேரம்னு சொல்றாங்க, ஃபாக்ஸ் 125 மணி நேரம் அல்லது வருஷத்துக்கு ஒரு தடவை. இங்க உட்பெக்கர் டிரெயில்ல மத்தவங்க டேகர்லோக்குக்குப் பல்சக்கர ரயில்ல சைக்கிளை ஏத்திட்டுப் போறாங்க. 1884லேருந்து ஓடுற ரயில், முன்னாடி சைக்கிள் வைக்கவே தனி வண்டி தள்ளிட்டுப் போகும். நாம மோட்டார் இருக்குன்னு காத்திருக்காம மேல ஏறி, அவங்க ஒரு தடவை இறங்குறதுக்குள்ள ரெண்டு தடவை இறங்குறோம். மணிக்கணக்கு சீக்கிரம் ஏறிடும். இவர் ஷாக்கை வாங்கினதுலேருந்து திறக்கவே இல்ல.

அதனால சொன்னது இவ்வளவுதான். சர்வீஸ் பண்ணுங்க, ரெண்டு ஸ்பேஸர் போடுங்க. பம்ப்ல ஒவ்வொரு 50 பிஎஸ்ஐ ஏத்தினதும் ஷாக்கைப் பத்து தடவை மெதுவா அமுக்குங்க, அப்பதான் எதிர் அறையிலயும் காத்து சமமாகும். ஸேக் 16 மில்லிமீட்டர் வந்ததும் ரீபவுண்டை ஒவ்வொரு கிளிக்கா மெதுவாக்குங்க. பம்பைக் கழட்டும்போது வர்ற உஸ் சத்தம் குழாய்ல இருக்கிற காத்து, பயந்து திரும்ப ஏத்தாதீங்க.

மூணு வாரம் கழிச்சு ஒரு ஃபோட்டோ அனுப்பியிருந்தார். அதே குதி, வளையம் முடிவுக்கு 4 மில்லிமீட்டர் முன்னாடி நிக்குது. ரீபவுண்ட் நாலு கிளிக் மெதுவாக்கியிருக்கார். ஒன்றரை மணி நேரம் ஓட்டினா மறுநாள் பரவாயில்லையாம், ரெண்டு மணி நேரம் இன்னும் முடியலையாம். வண்டி விளம்பரத்தை எடுத்துட்டார். எழுநூறு யூரோ இன்னும் அவர் அக்கவுண்ட்லதான் இருக்கு, ஆனா இப்ப முன் ஃபோர்க்கைப் பத்திக் கேக்க ஆரம்பிச்சிருக்கார்.