பேச்சிலேயே போன மூன்று மழைக்காலம்

(மாதாந்திரக் குடும்ப நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வீட்டு மராமத்து பற்றிப் பேசச் சொன்னார்கள். நாங்கள் கட்டட வேலை தெரிந்தவர்கள் அல்லர். முடிவெடுக்காமல் அடிபட்டவர்கள். அந்தத் தகுதியில்தான் பேசுகிறோம்.

உம்மாவுக்கு மூட்டுவலி வந்தபோது, பழைய கழிப்பறையை மாற்றி உயரமான கோப்பை வைக்க வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொண்டோம். நாங்கள் அத்தனை பேரும் ஒத்துக்கொண்டது அது ஒன்றுதான்! தரையை உடைக்கும்போதே டைல்ஸையும் மாற்றிவிடலாமே என்றார் ஒருவர். அடுக்களையையும் சேர்த்துச் செய்தால் கூலி மிச்சம் என்றார் லாத்தா. சவுதியிலிருந்து காக்கா போனில், "மாடியில ஒரு ரூம் எடுக்கப்போறோம், அந்தக் குழாயும் இதுலதானே சேரணும்? பொறுங்க, லீவுல வந்து பேசிக்கலாம்" என்றார். நான்கு மேஸ்திரிகள் வந்து அளந்தார்கள். ஒருவர் கூலி மட்டும் சொன்னார், ஒருவர் சாமானோடு சொன்னார், ஒருவர் சதுர அடிக் கணக்கு, இன்னொருவர் மொத்தமாக ஒரு தொகை. எதை எதோடு ஒப்பிடுவது? மூன்று மழைக்காலம் போய்விட்டது.

மூன்றாவது ஐப்பசியில், தஹஜ்ஜுதுக்கு ஒளூ செய்யப் போன உம்மா ஈரத்தரையில் வழுக்கி விழுந்தார்கள். இடுப்பெலும்பு முறிவு. ஆஸ்பத்திரிச் செலவில் அந்தக் குளியலறையை நான்கு தடவை கட்டியிருக்கலாம். உம்மா எங்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கட்டிலில் படுத்திருந்தபோதுதான் நாங்கள் முதல்முறையாக, "உங்களுக்கு என்ன வேணும்மா?" என்று கேட்டோம். "செவுத்துல பிடிச்சுக்க ஒரு கைப்பிடி இருந்தா போதும் வாப்பா, அப்பவே நெனச்சேன்" என்றார்கள். மூன்று வருஷம் மஷூரா செய்தோம். அந்த அறையைப் புழங்குகிறவரை மட்டும் கேட்கவில்லை.

உம்மா வீடு திரும்புவதற்குள் வேலை முடிந்தது. ஆறே நாள். வீடு எப்படி இருந்தால் அழகு என்ற பேச்சை விட்டுவிட்டு, உம்மா வரும்போது என்னென்ன இருந்தாக வேண்டும் என்று ஒரு தாளில் எழுதினோம். நான்கே வரி வந்தது. பதினெட்டு அங்குல உயரத்தில் கோப்பை. சுவரில் ஆழமாகத் துளையிட்டு இறுக்கிய கைப்பிடி. துண்டு போடும் கம்பி ஆள் பாரத்தைத் தாங்காது. வழுக்காத டைல்ஸ். வெளிப்பக்கம் திறக்கும் கதவு. உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே அடைத்துக்கொள்ளும். இடம் மிச்சமாகும் என்று கோப்பையைக் கிழக்கு மேற்காகத் திருப்பப் பார்த்தார் பிளம்பர். நமக்குக் கிப்லா மேற்கில், வடக்கு தெற்காகவே இருக்கட்டும் என்றோம். அந்த ஒரு விஷயத்தில் எங்கள் வீட்டில் விவாதமே நடக்கவில்லை.

அதே தாளை நான்கு மேஸ்திரிகளுக்கும் கொடுத்து, சாமானோடு என்ன ஆகும் என்று கேட்டோம். அப்போதுதான் தொகைகளை ஒப்பிட முடிந்தது. காக்காவின் மாடி அறைக்காக ஒரு குழாயை மேலே இழுத்து மூடி போட்டு வைத்தோம். அதற்கான செலவு சொற்பம். அதை எண்ணித்தான் இத்தனை நாள் பொறுத்திருந்தோம் என்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அடுத்து மாடி ஒழுகல். டைல்ஸ் நிறத்தை ஒரு வருஷம் யோசித்தாலும் நஷ்டமில்லை. ஒழுகல் அப்படி அல்ல. தண்ணீர் கம்பியை எட்டினால் துருப்பிடித்துக் கம்பி பருக்கும், காங்கிரீட்டைப் பிளந்து கீழே தள்ளும். இன்று பூசி முடிக்கிற வேலை, பின்னால் தளத்தையே உடைக்கிற வேலையாகிவிடும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குவதால், மாசி பங்குனியிலேயே ஆள் பிடித்தோம். வேலை முடிந்ததும் மாடியில் இரண்டு நாள் தண்ணீர் கட்டி, கீழே ஈரம் வருகிறதா என்று பார்த்த பிறகே பாக்கிப் பணம் கொடுத்தோம்.

கையில் காசில்லாமல் தள்ளிப்போடுவது வேறு. வட்டிக்கு வாங்க அஞ்சுகிறவரை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். அப்படிப்பட்டவர்கள் வேலையைத் துண்டாக்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு துண்டும் தனியாக முடிந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். கைப்பிடியும் வழுக்காத தரையும் ஒரு துண்டு, கோப்பை இன்னொன்று. ஒவ்வொன்றிலும் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள். பழைய சுவரை உடைத்தால் உள்ளே என்ன இருக்கும் என்று எந்த மேஸ்திரிக்கும் தெரியாது.

இஸ்திகாரா தொழுதோம், கனவு ஒன்றும் வரவில்லை, அதனால் காத்திருக்கிறோம் என்று சிலர் சொல்கிறார்கள். நாங்களும் சொன்னவர்கள்தான். கனவு வர வேண்டும் என்பது நிபந்தனை இல்லை என்று ஆலிம்கள் விளக்கினார்கள். ஆல இம்ரான் அத்தியாயத்தின் 159ஆம் வசனத்திலும் ஆலோசனை முதலில், பிறகு உறுதி, அதன் பிறகு தவக்குல் என்றுதான் வரிசை. நாங்கள் நடுவிலிருக்கும் ஒன்றை விட்டுவிட்டோம்.

உம்மா இப்போது கைத்தடியோடு நடக்கிறார்கள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தாமாகவே ஒளூ செய்கிறார்கள். மாடி அறை மட்டும் இன்னும் பேச்சிலேயே இருக்கிறது. காக்கா லீவுக்கு வரட்டும்.

வஸ்ஸலாம்.