ஒரு கை போனால் எத்தனை சதவீதம்?

கையில் செல்போன் வச்சிருக்கவங்க இப்பவே எடுத்து, 15100-ன்னு ஒரு எண்ணைச் சேமிச்சுக்குங்க. அது என்ன எண்ணுன்னு பிறகு சொல்லுதேன்.

முதல்ல ஒரு தச்சரோட வழக்கு. நம்ம ஊர்க்காரர் இல்லை, ஒடிசாக்காரர். 1968-இல் ஒரு சினிமா கொட்டகையில் அலங்கார வேலை செய்யும்போது கீழே விழுந்துட்டார். இடது கையை முழங்கைக்கு மேலே எடுக்க வேண்டியதாப் போச்சு. இழப்பீடு கேட்டார். முதலாளி தரப்பு என்ன சொன்னது தெரியுமா? "சட்டத்தோட அட்டவணையில் இந்தக் காயத்துக்கு இவ்வளவு சதவீதம்னு போட்டிருக்கு. இது பகுதி ஊனம்தான், முழு ஊனம் இல்லை." வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 1975 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. ஒரு கையை மட்டும் வைத்துக்கொண்டு தச்சு வேலை பார்க்க முடியாது, ஆகவே இந்த மனிதருக்கு இது முழு ஊனமே என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

(ஊனம்ங்கிற சொல்லை நான் விரும்பிச் சொல்லலை. பாலிசித் தாளிலும் தீர்ப்பிலும் அப்படித்தான் இருக்கு. அந்தத் தாளைப் படிக்கணும்னா அந்தச் சொல் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்.)

இந்தக் கதையை ஏன் சொல்லுதேன்னா, சட்டத் தன்னார்வலரா நான் போற இடமெல்லாம் ஒரே கேள்விதான். "அண்ணாச்சி, ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில 60 சதவீதம்னு சர்டிபிகேட் கொடுத்துட்டாங்க. இன்சூரன்ஸ்ல வராதுன்னுட்டாங்களே, எப்படி?" சர்டிபிகேட்டில் தப்பு இல்லை. ஆனா அது வேற அளவுகோல், இன்சூரன்ஸ் வேற அளவுகோல். இதைப் புரிஞ்சுக்காமத்தான் பாதிப் பேர் வீட்டுக்குத் திரும்பிடுதாங்க.

மருத்துவர் தரும் மாற்றுத்திறனாளி சான்றும் யு.டி.ஐ.டி. அட்டையும் அரசு உதவிகளுக்கானவை. 40 சதவீதம் என்பதெல்லாம் அங்கே உள்ள கணக்கு. இன்சூரன்ஸ் பாலிசி ஒரு ஒப்பந்தம். அதில் என்ன எழுதியிருக்கோ அதுக்குத்தான் பணம். சாலை விபத்தில் எதிர் வண்டிக்காரர் மேலே மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் போடுற வழக்கு மூணாவது வகை. அங்கே உங்க வேலை என்ன, அது எவ்வளவு போச்சுன்னு பார்ப்பாங்க. 2010-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது: இடது கை போனால் மருத்துவக் கணக்கில் 60 சதவீதமாக இருக்கலாம். அவர் டிரைவரோ தச்சரோ என்றால் சம்பாதிக்கும் திறன் கிட்டத்தட்ட முழுதுமே போய்விட்டது. ஆபீஸில் எழுத்தராக இருந்தால் அதே வேலையில் அவர் நீடிக்கவும் கூடும். அதனால தீர்ப்பாயத்துக்குப் போகும்போது, என்ன வேலை பார்த்தீங்கங்கிறதுக்கு ஆதாரம் எடுத்துட்டுப் போங்க. பத்தமடையில பாய் நெய்தவரா, களக்காட்டுல வாழைத்தார் சுமந்தவரா, வாரியப் பதிவு அட்டையோ கூலிச் சீட்டோ எது இருந்தாலும் சரி.

இப்ப பாலிசிக்கு வருவோம். வங்கியில வருஷத்துக்கு 20 ரூபாய் பிடிக்கிறாங்கல்லா, பிரதம மந்திரி சுரக்ஷா பீமா. 18 வயசுல இருந்து 70 வயசு வரைக்கும். விபத்தில் இரண்டு கண், இரண்டு கை, இரண்டு கால் போனாலோ, ஒரு கண்ணோடு ஒரு கையோ காலோ போனாலோ 2 லட்சம். ஒரு கண்ணோ, ஒரு கையோ, ஒரு காலோ என்றால் 1 லட்சம். பீடி சுத்துற அக்காவுக்கு ரெண்டு விரல் போச்சுன்னா பிழைப்பே போச்சு, ஆனா இந்தத் திட்டத்தில் வராது. இதை ஒளிக்காமச் சொல்லிடுதேன். அதே நேரம் இன்னொண்ணு: பனை ஏறி விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமக் கிடக்கிறவருக்கு கால் ரெண்டும் உடம்போடதான் இருக்கு. "கால் இருக்கே"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. கை கால்களைப் பொறுத்தவரை திட்ட விதியில் இருப்பது பயன்பாட்டை இழப்பது. வெட்டி எடுத்திருக்கணும்னு அவசியமில்லை. அந்தச் சொல்லைத்தான் டாக்டர் சான்றில் கேட்டு வாங்கணும்.

அடுத்தது, அதிகம் பேர் கேட்காமலே விட்டுடுற பணம். உங்க பைக் இன்சூரன்ஸ் காப்பி செல்போன்ல பி.டி.எஃப்.பா இருக்கும். அதில் உரிமையாளர் ஓட்டுநருக்கான தனிநபர் விபத்துக் காப்பு, 15 லட்சம் என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்க. அதுக்குப் பிரீமியம் கட்டியிருந்தா, நாய் குறுக்கே வந்து நீங்களே விழுந்திருந்தாலும், எதிர்ல யாரும் இல்லாவிட்டாலும் பொருந்தும். வண்டி உங்க பேரில் இருக்கணும், செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்கணும், குடிச்சிருக்கக் கூடாது. ஒரு கால் போனால் பாதி, அதாவது ஏழரை லட்சம். ரெண்டும் போனால் முழுசு. "தப்பு என் மேலதான், என்னத்தைக் கேக்க"ன்னு எத்தனை பேர் இருந்துட்டாங்க!

மறுத்துட்டா என்ன செய்ய? வாயால சொன்னதை ஏத்துக்காதீங்க, எழுத்துல வாங்குங்க. தாமதமா வந்தீங்கன்னு மட்டும் சொல்லியிருந்தா, அதுக்குப் பதில் இருக்கு. நியாயமான கோரிக்கையைத் தாமதம் என்ற ஒரே காரணத்துக்காக இயந்திரம் போல நிராகரிக்கக் கூடாதுன்னு காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2011-லேயே நிறுவனங்களுக்கு எழுதியிருக்கு. முதல்ல நிறுவனத்தோட குறைதீர் பிரிவுக்கு மனு. ஒரு மாசத்துக்குள்ள பதில் வரலைன்னாலோ, வந்த பதில் சரியில்லைன்னாலோ, ஒரு வருஷத்துக்குள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். நமக்குச் சென்னை அலுவலகம். ஆன்லைனிலேயே அனுப்பலாம், கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். இல்லைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். மறுத்ததிலிருந்து இரண்டு வருஷம் கெடு. கட்டிய பிரீமியம் 5 லட்சத்துக்குள் என்றால் அங்கேயும் கட்டணம் கிடையாது. பாலிசி வாசகத்துக்கு என்ன அர்த்தம்ங்கிற சண்டைன்னா குறைதீர்ப்பாளர் போதும். டாக்டரைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டிய வழக்குன்னா நுகர்வோர் ஆணையம் நல்லதுங்கிறது என் எண்ணம். ஆனா நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு இருக்கும்போது குறைதீர்ப்பாளர் அதே புகாரை எடுக்க மாட்டார். மோட்டார் தீர்ப்பாயத்துக்குச் சட்டம் வைத்திருக்கும் கெடு ஆறே மாசம். ஆஸ்பத்திரியில படுத்திருக்கும்போதே அதுல பாதி ஓடிடும். அதனால வீட்டு ஆட்கள் யாராவது எஃப்.ஐ.ஆர். நகல், ஆஸ்பத்திரி ஏ.ஆர். காப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி மூணையும் வாங்கி போட்டோ எடுத்து வச்சிடணும். எஃப்.ஐ.ஆரைத் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலேயே பார்த்து இறக்கிக்கலாம்.

இனி 15100. இது சட்ட உதவி எண். 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி மாற்றுத்திறனாளிக்கு இலவச வக்கீல் உரிமை. வருமானம் எவ்வளவுன்னு கேட்க மாட்டாங்க. பெண்களுக்கும் அப்படித்தான். வக்கீல் கட்டணம், நீதிமன்றக் கட்டணம் எதுவும் உங்க கையிலிருந்து இல்லை. போன் பண்ண முடியலைன்னா பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்துல மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கு. அம்பாசமுத்திரம், வள்ளியூர் பக்கத்து ஆட்களுக்கு அங்கங்கே நீதிமன்றத்தில் வட்டக் குழு. வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தாலும் வாங்குவாங்க.

ஆஸ்பத்திரி வாசல்லயே "கேஸ் நான் பாத்துக்கிடுதேன், வர்றதுல கால்வாசி கொடு"ன்னு சிலர் வருவாங்க. வழக்கில் கிடைக்கும் தொகையில் பங்கு பேசுவது வக்கீல்களுக்கான பார் கவுன்சில் விதிக்கே விரோதம். வக்கீலே கேட்கக் கூடாததை இடையில நிக்கிற ஆள் கேட்டா, கையெழுத்துப் போடாதீங்க. குறிப்பா எதுவும் எழுதாத வெற்றுத்தாளில்.

சரி, பேசினது போதும். மறுப்புக் கடிதம் கையில வச்சிருக்கவங்க முன்னால வாங்க. கடைசி வரிசை அக்கா, நீங்களும் வாங்க. முதல்ல அதுல இருக்கிற தேதியைப் பாத்துருவோம்.