ஜட்ஜு நியமனமும் பொதுஜனங்களின் கேள்வியும்



ஹைகோர்ட்டு ஜட்ஜாக யார் வந்தால் நமக்கென்ன, அது வக்கீல்கள் பாடு என்று நம்மில் பலர் இருந்துவிடுகிறோம். ஆனால் நமது நிலத் தகராறும், நமது பிள்ளைகளின் ஜாமீனும் அந்த நாற்காலியின் முன்தானே போய் நிற்கின்றன? ஆகையால் இது நம்முடைய காரியமேயாகும்.

2023-ம் வருஷம் சென்னையில் நடந்ததைக் கவனியுங்கள். ஜட்ஜுகளே கூடி ஜட்ஜுகளைப் பொறுக்கும் சபைக்குக் கொலீஜியம் என்று பெயர். 1993-ம் வருஷத்துத் தீர்ப்பிலிருந்து இம்முறை நடக்கிறது. அந்தச் சபை ஜனவரி 17-ந் தேதி, பி.ஜே.பி. கட்சியிலிருந்த விக்டோரியா கௌரி அம்மையாரைச் சென்னை ஹைகோர்ட்டுக்குச் சிபார்சு செய்தது. வக்கீல்கள் 21 பேர் ஆட்சேபித்து ஜனாதிபதிக்கும் கொலீஜியத்துக்கும் எழுதினார்கள். முஸ்லிம்களையும் கிறிஸ்தவர்களையும் வெறுத்துப் பேசியவர் என்பதே அவர்கள் புகார்.

கட்சியில் இருந்தது குற்றமா என்று சிலர் கேட்டார்கள். குற்றமல்லவே! கேரளத்தில் 1957-ம் வருஷத்துக் கம்யூனிஸ்டு மந்திரி சபையில் இருந்த கிருஷ்ணய்யர் 1973-ல் சுப்ரீம் கோர்ட்டு ஜட்ஜானார். கேள்வி கட்சியைப்பற்றியதல்ல, ஒரு முஸ்லிம் வழக்காளி அந்தக் கோர்ட்டில் பயமின்றி நிற்க முடியுமா என்பதுதான் கேள்வி.

நடந்தது என்ன? பிப்ரவரி 6-ந் தேதி சர்க்கார் நியமன உத்தரவு போட்டது. மறுநாள் டில்லியில் வழக்கு விசாரணை நடக்கும்போதே சென்னையில் பிரமாணமும் நடந்து முடிந்தது. சட்டப்படியான தகுதி உண்டா என்றுதான் கோர்ட்டு பார்க்கும், ஆள் பொருத்தமானவரா என்று பார்க்காது என்று சொல்லி வழக்கு தள்ளப்பட்டது.

தகுதி என்பதோ, 10 வருஷம் ஹைகோர்ட்டு வக்கீலாக இருந்தால் போதும். பொருத்தத்தைக் கொலீஜியம் கதவைச் சாத்திக்கொண்டு பார்க்கும். கோர்ட்டு பார்க்காது. பின் ஜனங்கள் எங்கே போய்க் கேட்பது?

சந்தையில் மாடு வாங்குகிறவன் சுழி பார்த்தால் மூடத்தனம் என்போம். ஆனால் பல்லும் நடையும் பார்க்காமல் வாங்குகிறவனை என்னவென்று சொல்லுவது? அதுவும் கையை விட்டு மாற்ற முடியாத மாடாக இருந்தால்? ஜட்ஜை நீக்கப் பார்லிமெண்டில் இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். 1993-ல் ஜட்ஜு வி. ராமசாமிமீது வந்த தீர்மானத்திற்கு எதிராக ஒரு ஓட்டும் விழவில்லை. ஆதரவாக 196 ஓட்டு விழுந்தும், காங்கிரஸ்காரர்கள் ஓட்டுப் போடாமல் இருந்ததாலேயே அது தோற்றது.

ஆகவே தோழர்களே, கேட்கவேண்டியதை நியமனத்துக்கு முன்பே கேட்கவேண்டும். பெயர்களை முன்கூட்டி வெளியிடட்டும். ஆட்சேபணைக்குத் தவணை கொடுக்கட்டும். ஆட்சேபணையைத் தள்ளினால் காரணத்தை எழுத்தில் சொல்லட்டும். நமது கருத்துக்காரர் ஒருவர் வந்தாலும் இதே கேள்வியை நாம் கேட்கவேண்டும். கேள்வி கேட்பது கோர்ட்டை அவமதிப்பதாகாது. கேள்விக்குப் பதிலே இல்லாத நியமனம்தான் கோர்ட்டின் மதிப்பைக் குறைக்கும் என்று சொல்லி முடித்துக்கொள்ளுகிறோம்.